கல்யாண கேசட்டிலிருந்து டிவிடிக்கு: பல வருசப் புழக்கத்தில் தெரிந்தவை

கோவை, ஈரோடு, பொள்ளாச்சி வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் விஎச்எஸ் கேசட்டுகளில் பாதிக்கு மேல் கல்யாண கேசட்தான் இருக்கும். டிவிடிக்கு மாற்றும்போது படம் கெடுவது பெரும்பாலும் டெக்கிலும் (கேசட்டை ஓட்டும் விசிஆர்) அதன் வயரிலும்தான். அங்கே போனதை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூசணம். வால்பாறை ஈரத்தில் இருந்த கேசட் என்றால் சந்தேகமே வேண்டாம். அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட் (டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் முனை) அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். ஹெட் துடைக்கக் காதுக்குச்சி ஆகாது. பஞ்சு நூல் சிக்கினால் ஹெட் முனை உடைந்துவிடும். ஷாமாய் தோலில் 99 சத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, தோலை அசைக்காமல் பிடித்து, ஹெட் பதிந்த டிரம்மை (உருளையை) கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போச்சு.

எஸ்-வீடியோ பின் (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் இணைப்பு) உள்ள எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் விடாதீர்கள். சாதாரண மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் கலந்தே போகும்; கூறைச்சேலையின் சிவப்பு ஓரத்தில் புள்ளி ஊர்வது அதனால்தான். இன்னொரு தொல்லை, நாள்பட்ட டேப் சீராக ஓடாமல் ஒவ்வொரு வரியும் முன்னே பின்னே தொடங்குவது. மணவறைத் தூண் நெளியும், கேப்சரில் (கம்ப்யூட்டரில் பதியும்போது) ஃபிரேம் விடுபடும், போகப்போக நாதஸ்வரம் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். வரிகளைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 டிவிடி ரெக்கார்டரை டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் மாட்டி அதன் வழியே சிக்னலைக் கடத்தலாம். தூண் நிமிர்ந்துவிடும்.

கேப்சர் 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி கோடெக். மணிக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும். ஹார்டுடிஸ்க் அவ்வளவு பெரிய ஃபைலை ஏற்கும் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்கட்டும். வீடியோ லைட் வெளிச்சத்தில் வேட்டி வெறும் வெள்ளையாக வெந்து போகும், ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு காட்டும் வரைபடம்) பார்த்து முன்கூட்டியே பிரைட்னஸைக் குறையுங்கள். டீஇன்டர்லேஸ் (ஒற்றை வரி, இரட்டை வரி என ஃபீல்டுகளாகப் பிரிந்த படத்தை ஒன்றாக்குவது) செய்யவே வேண்டாம், டிவிடி இன்டர்லேஸை அப்படியே ஏற்கும். ஆட்கள் நடக்கையில் படம் முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு வரிசை தலைகீழ். அடியில் ஓடும் கிழிசல் கோட்டை வெட்டாமல் கறுப்பால் மூடினால் போதும்.

மூன்று மணி நேர கேசட்டை ஒரே டிஸ்க்கில் அடைத்துத் தருவது நம்மூர்க் கடைகளின் வழக்கம். 4.7 ஜிபியில் ஒலி போகப் படத்துக்கு நொடிக்கு 3.3 மெகாபிட்தான் கிடைக்கும். டேப்பின் இரைச்சலே அதில் பாதியைத் தின்னும். அட்சதை விழும் நேரத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். மணிக்கு ஒரு டிஸ்க், 8 மெகாபிட் என்று கேளுங்கள். ஒரே டிஸ்க்தான் வேண்டுமென்றால் 352×576 (அகலத்தில் ஏறக்குறைய பாதிப் புள்ளிகள்) போடச் சொல்லுங்கள். விஎச்எஸ்ஸில் இருப்பதே சுமார் 240 வரி விவரம், பெரிதாக ஒன்றும் குறையாது.

டிஸ்க் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும். இணைச்சீர், முகூர்த்தம் என்று மார்க்கரில் நடுவளையத்தில் எழுதலாம். டிஸ்க்கின் பதிவுச் சாயம் மங்கி அது படிக்காமல் போவதுண்டு, ஃபைலை இரண்டு ஹார்டுடிஸ்க்கில் தனித்தனியே போட்டு வையுங்கள்.