யூரியாவா, மெலமினா: மஞ்சள் டைட்டானியாவில் எது வேலை செய்கிறது?

டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) ஒளி பட்டால் தண்ணீரிலுள்ள சாயம் போன்ற கழிவைச் சிதைக்கும் வினையூக்கி. அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்தின் பட்டை இடைவெளி, அதாவது ஒரு எலக்ட்ரானை எழுப்பத் தேவையான ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது, 387 நானோமீட்டரைத் தாண்டிய ஒளி அதற்குப் பயன்படாது. சூரிய ஒளியில் அது பிடிப்பது சுமார் 5 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதை வேலை வாங்க, சாதாரண ஆய்வகத்தில் செய்யக்கூடிய வழிகள் நான்கு.

இரும்பு மாசூட்டல்தான் (படிகத்துக்குள் கொஞ்சம் இரும்பு அணுக்களைப் புகுத்துவது) மலிவு. 1 கிராம் டைட்டானியாவில் டைட்டானிய அணுக்களின் எண்ணிக்கையில் 0.5 சதவீதம் இரும்பு சேர்க்க, 25 மி.கி. ஃபெரிக் நைட்ரேட் நோனாஹைட்ரேட் போதும். கை தாராளமானால் பொடி துருநிறம் ஆகும். ஒளி எழுப்பிய எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் இரும்பு இருக்கும் இடத்திலேயே சேர்ந்து அழிந்துவிடும். வெள்ளிப் பூச்சு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். குளோரைடு கலந்த தண்ணீரில் வெள்ளி குளோரைடாகவும் மாறிவிடும். உப்பு மிகுந்த சாயக் கழிவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டான யூரியா, மெலமின் முறைகளுக்கு இடையேதான்.

யூரியா முறையில், டைட்டானியாவோடு யூரியாவை அரைத்து, மூடிய அலுமினா மூசையில் 400 டிகிரியில் சுட்டால் மஞ்சள் பொடி கிடைக்கும். 2001-இல் நைட்ரஜன் மாசூட்டிய டைட்டானியா பற்றி அசாஹி குழுவின் கட்டுரை வந்தபின் இந்த மஞ்சளை நைட்ரஜன் மாசூட்டலின் அடையாளமாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யூரியா சூட்டில் மெலமின் வகைச் சேர்மங்களாகி டைட்டானியாவின் மேல் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் அதனாலும் வரலாம். அணுக்கள் எதனோடு பிணைந்திருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையில் நைட்ரஜன் முகடு 396 எலக்ட்ரான் வோல்ட் அருகே இருந்தால், நைட்ரஜன் ஆக்சிஜனின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 398.7 அருகே இருந்து, அகச்சிவப்பு நிறமாலையில் 810 செ.மீ⁻¹-லும் கோடு தெரிந்தால், உங்களிடம் இருப்பது கார்பன் நைட்ரைடு பூசிய டைட்டானியா.

அப்படியானால் அதையே தெரிந்தே செய்வது மேல். மெலமினை மூடிய மூசையில் 550 டிகிரியில் 4 மணி நேரம் சுடுங்கள், நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றம். மூடி சரியில்லாவிட்டால் மெலமின் பதங்கமாகி மூசையில் கொஞ்சம்தான் மிஞ்சும். அம்மோனியா வரும், புகைப்போக்கி அடுக்கில் வையுங்கள். கிடைத்த மஞ்சள் கட்டிதான் கார்பன் நைட்ரைடு. அதை அரைத்து, டைட்டானியாவோடு எத்தனாலில் மீயொலி கொடுத்துக் கலந்து உலர்த்தி, 400 டிகிரியில் மறுபடி சுட வேண்டும். இந்தக் கடைசிச் சூட்டை விட்டுவிட்டால் இரண்டு பொடிகளும் தனித்தனியாகத்தான் இருக்கும். எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவாது.

இதன் பலவீனம் துளையில் இருக்கிறது. கார்பன் நைட்ரைடில் தங்கும் துளைக்குத் தண்ணீரிலிருந்து கழிவைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் உறுப்பை (வீரியமான துகளை) உண்டாக்கும் வலு இல்லை. ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடித்து உண்டாகும் சூப்பர் ஆக்சைடுதான் பெரும்பங்கு வேலையைச் செய்யும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். எனவே காற்றுக் குமிழ் விடாமல் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று ஒதுக்காதீர்கள்.

சோதனைக்கு மெத்திலீன் நீலம் வேண்டாம். அது 664 நானோமீட்டரில் தானே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை டைட்டானியாவுக்குத் தள்ளும், ஆக்சிஜன் குறைந்தால் நிறமற்ற வடிவத்துக்கும் மாறும். வெறும் டைட்டானியாகூட நல்ல வினையூக்கிபோல் தெரியும். லிட்டருக்கு 10 மி.கி. ஃபீனால், 1 கிராம் பொடி, இருட்டில் 30 நிமிடக் கலக்கல், 420 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் வடிகட்டி போட்ட விளக்கு. ஒவ்வொரு மாதிரியையும் 0.22 மைக்ரான் வடிதாளில் வடித்தபின் அளவிடுங்கள். மிதக்கும் பொடி ஒளியைச் சிதறடித்து அளவைக் கெடுக்கும். பொடி இல்லாத கரைசலையும், மாற்றம் செய்யாத டைட்டானியாவையும் அதே விளக்கின் கீழ் ஓட்டியாக வேண்டும். மாற்றம் செய்யாத டைட்டானியாவே ஃபீனாலைக் குறைத்தால், வடிகட்டியைத் தாண்டி புற ஊதா கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.