குழி ரப்பர் பொம்மையும் எறும்பும்: குட்டிக்குப் பல் முளைத்த காலத்து அனுபவம்

விருதுநகர் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் சிப்பிப்பாறை ஜாதி நாய்க்குட்டி எடுக்கப் போகிறார். ‘அந்த உள்ள குழியா இருக்குமே ரப்பர் பொம்மை, இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கிப் போடவா?’ என்று கேட்டார். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக் கன்னி ஜாதி நாய் சிட்டு குட்டியாக வந்ததிலிருந்து அந்தப் பொம்மையோடுதான் வளர்ந்தாள். அதனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நாய் கடித்து மெல்வதற்கான ரப்பர் பொம்மை அது, உள்ளே இருக்கும் குழியில் தீனி அடைத்துக் கொடுக்கலாம். நாய் வளர்க்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குட்டிக்கு மெத்தென்ற ரகம், வளர்ந்த நாய்க்குக் கெட்டி ரகம் என்று இரண்டு வரும். இரண்டையும் வாங்கினேன். மெத்தென்ற ரகம் பால் பல் இருந்தவரை அசையவில்லை. கோரைப்பல் புதிதாக முளைத்த பிறகு மேல் விளிம்பில் கீறல் விழுந்து துணுக்குத் துணுக்காக வரத் தொடங்கியது. அன்றே குப்பையில் போட்டேன். அது குறையில்லை, அந்த ரகத்தின் ஆயுசு அவ்வளவுதான். கெட்டி ரகம் இன்னும் அப்படியே இருக்கிறது.

குட்டி கடிப்பதில் இரண்டு விதம் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பொம்மை நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பயனில்லை. ஒன்று விளையாட்டுக் கடி. கூடப்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரண்டு, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று படித்துக்கொண்டிருக்கிற வயதில் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். மிச்சப் பாடத்தை அது நம் கையிலும் கணுக்காலிலும் படிக்கிறது. இன்னொன்று ஈறு நமைச்சலில் வருவது. பால் பல் மொத்தம் 28. மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழ ஆரம்பிக்கும். ஐந்து, ஆறு மாதத்தில் கோரைப்பல் மாறும். ஏழு மாதம் ஆகும்போது 42 பல்லும் வந்திருக்க வேண்டும். இந்த இடைக்காலத்தில் வாய்க்கு எட்டுவதெல்லாம் போகும். எங்கள் வீட்டில் நார்க்கட்டிலின் ஒரு மூலை, துடைப்பம், அம்மாவின் ரப்பர் செருப்பு, சார்ஜர் வயர் என்று போயிற்று. கூட்டும்போது அரிசி மாதிரி குட்டிப் பல் கிடக்கும். பொம்மையில் லேசாக ரத்தம் ஒட்டியிருக்கும். பல் விழுகிற நாளில் அது சாதாரணம், பதற வேண்டாம்.

இனி பொம்மை. அதன் நல்ல பக்கத்தை முழு மனதோடு சொல்கிறேன். மிஞ்சிய இட்லியைப் பிசைந்து, உப்பில்லாத தயிர் கொஞ்சம் விட்டு, குழிக்குள் அடைத்து, ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். சில நாள் வேகவைத்த பரங்கிக்காய், சில நாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில் எடுத்துக் கொடுப்போம். அந்த நேரத்தில்தான் சிட்டுக்கு வெறி பிடித்த மாதிரி இருக்கும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பாய்வாள், குறுக்கே யார் கால் வந்தாலும் பல் படும். பொம்மையைப் போட்டதும் முன்னங்கால் இரண்டாலும் அணைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். கன்னிக்கு மூஞ்சி நீளம், ஒடுங்கலும்கூட. நாக்கு அடி வரை போகும். அரை மணி நேரம் நக்கி, மென்று, அப்படியே பக்கத்தில் சாய்ந்து தூங்கிப் போவாள். குளிர்ச்சி ஈற்றுக்கு இதமாக இருக்கிறது என்பது ஒரு காரணம். தூக்கம் போதாத குட்டிதான் அதிகமாகக் கடிக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒரு நாளில் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டிய வயது அது. சாயங்கால வெறியை நாங்கள் துள்ளல் என்று நினைத்திருந்தோம். அது அலுப்பு என்பதை இந்தப் பொம்மைதான் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது. அதற்காக அதற்கு என்றும் நன்றி உண்டு.

ஆனால் எறும்பு.

சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குட்டி நக்கி முடித்த பொம்மை எங்கே கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டிலுக்கு அடியில், பீரோ இடுக்கில், துணிக்கூடைக்குள். அரை மணி நேரம் கழித்துத் தேடி எடுத்தால் சுவரோரத்து டைல்ஸ் இடுக்கிலிருந்து பொம்மை வரை ஒரு சாரை. உள்ளே குழி முழுக்க எறும்பு. கறுப்பு பிள்ளையார் எறும்பு என்றால் உதறிவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டில் வருவது சிவப்பெறும்பு. ஒரு நாள் சிட்டு தானே போய் வாயை வைத்து, உதட்டில் கடி வாங்கி வீல் என்று கத்திக்கொண்டு ஓடினாள். அதன் பிறகு கொஞ்ச நாள் பொம்மையைக் கண்டாலே ஒதுங்கினாள். பல் மாறும் உச்சகட்டம் அது. அந்த நாட்களில்தான் நார்க்கட்டில் போனது.

எறும்புச் சாக்பீஸ் போடலாம் என்று பார்த்தால் அது பூச்சிமருந்து. தரையையெல்லாம் நக்குகிற குட்டி இருக்கும் வீட்டில் அதைத் தொடவே கூடாது. மஞ்சள்தூள் கோடு போட்டோம். எறும்பு சுற்றிக்கொண்டு வந்தது. பலகாரத்துக்குச் செய்கிற மாதிரி தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தோம். சிட்டு தண்ணீரைக் குடித்துவிட்டுப் பொம்மையை எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் பிடிபட்ட வழி ஒன்றுதான். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் வைத்துத்தான் கொடுப்பது, முடிந்த கையோடு வாங்கி வெந்நீரில் போட்டுவிடுவது. அதற்கு ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

எனக்குக் கோபம் வருகிற இடமே இதுதான். குட்டியைத் தனியாக அமர்த்தி நமக்கு அரை மணி நேரம் தருவதற்கென்று வாங்கிய பொருள், அந்த அரை மணி நேரத்தையும் நம்மிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. கழுவுவது தனிக் கதை. மேல் முனையில் குழி குறுகும். அங்கே காய்ந்த இட்லி சிமென்ட்டாக ஒட்டிவிடும். குழந்தைகளின் பால் பாட்டில் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறோம். அதுவும் முழுக்க எட்டாது. தயிர் வாடை லேசில் போகாது. அட்டையில் பார்த்தால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டில் அது இருக்கிறது? மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஃப்ரீசரும் போச்சு, உள்ளே இருப்பது கூழாகிவிடும்.

நியாயமாகப் பார்த்தால் எறும்பு பொம்மையின் குற்றமில்லை. தயிரும் இட்லியும் எந்தப் பாத்திரத்தில் இருந்தாலும் எறும்பு வரும். ஒன்றும் அடைக்காமல் வெறும் ரப்பராகக் கொடுத்தால் வராது. அப்படிக் கொடுத்தும் பார்த்தோம். மோந்து பார்த்துவிட்டு செருப்பைத் தேடிப் போனாள். அடைக்காத பொம்மைக்கு மதிப்பில்லை, அடைத்தால் எறும்பு. இதற்கு நடுவே வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த எரிச்சலில் தொடங்கியதுதான் துண்டு வைத்தியம். பழைய பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து, இறுக முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் வைத்தோம். செலவில்லை, எறும்பில்லை, துவைத்துக் காயப்போட்டால் முடிந்தது. ஈறு நமைச்சலுக்கு மட்டும் என்றால் பொம்மைக்குச் சமமாகவே வேலை செய்தது. நக்குவதற்கு ஒன்றும் இல்லாததால் அந்த நீண்ட அமைதி மட்டும் கிடைக்காது. நூல் பிரியத் தொடங்கினால் உடனே மாற்றிவிட வேண்டும். விழுங்கினால் குடலில் சிக்கும். அம்மா தேங்காய் மட்டையும் பனங்கொட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். சிட்டுக்கு இரண்டும் உயிர். ஆனால் நாரைப் பிய்த்து விழுங்கினாள். கால்நடை மருத்துவர் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். எலும்பும் அப்படித்தான், வேகவைத்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து உள்ளே குத்தும். கட்டை விரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சமும் பதியாத பொருளை மெல்லக் கொடுக்காதீர்கள், பின்பல் விண்டுவிடும் என்று அவர் சொன்ன ஒரு விதி போதும், கடையில் பாதிப் பொருள் தானாகவே கழிந்துவிடும். வாசலில் அரளி வைத்திருப்பவர்கள் குட்டி வருவதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், அதை மென்ற குட்டி பிழைப்பது கஷ்டம்.

விளையாட்டுக் கடிக்கு எந்தப் பொம்மையும் மருந்தில்லை. பல் பட்ட அந்த நொடியே விளையாட்டை நிறுத்தி, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கொஞ்சம் பொறுத்து வந்து, கைக்குப் பதில் பொம்மையை நீட்ட வேண்டும். மூக்கில் தட்டச் சொல்வார்கள். தட்டாதீர்கள். கை என்றால் பயம் என்று பழகிய நாய் வளர்ந்த பிறகு எச்சரிக்காமல் கடிக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தால்தான் இது பலிக்கும். எங்கள் மைத்துனர் வருகிற நாளெல்லாம் கையைக் கொடுத்து மல்லுக்கட்டுவார், அடுத்த இரண்டு நாள் பிள்ளைகள் கடி வாங்குவார்கள். அவரிடம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டேன்.

‘பால் பல்லுதானே’ என்று சொந்தக்காரர்கள் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்தான் போடுவார்கள். அதற்கு முன்னால் மகளின் விரலில் பல் கீறி ரத்தம் வந்தது. ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். போன அன்று ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் என்று ஊசி போட்டார்கள். காசு வாங்கவில்லை. தாய் நாய் எங்கே திரிந்தது, அதை எது கடித்தது என்று நமக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் மட்டும் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

சரி, வாங்கலாமா? இவ்வளவு நல்லதும் சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத்தான் இருக்கும். இன்னொரு குட்டி வந்தால் நான் வாங்க மாட்டேன். நேற்றுக்கூட பொம்மையை சோபாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, குழிக்குள் ஊர்ந்த எறும்பை வெந்நீரில் கொட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். துண்டு போதும், ஈரத் துண்டும் தூக்கமும் போதும். மாடி வீட்டில், எறும்புத் தொல்லை இல்லாமல் இருப்பவர்களுக்கு என் பேச்சு பொருந்தாது. அவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

அப்படி வாங்குகிறவர்கள் இரண்டு முனையிலும் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே ஓட்டை என்றால் நக்கும்போது உள்ளே காற்று உறிஞ்சிப் பிடித்து நாக்கு மாட்டிக்கொள்ளும், வீங்கிவிட்டால் ஆஸ்பத்திரிதான். முழுதாக வாய்க்குள் போகிற அளவில் வேண்டாம், ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் அடைப்பவர்கள் டப்பாவில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கிற இனிப்பு) என்று இருக்கிறதா என்று படித்துவிடுங்கள், அது நாய்க்கு விஷம். ஆறு, ஏழு மாதத்தில் குட்டியின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். புதுக் கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் பழைய பால் பல்லும் விழாமல் நின்றால் மருத்துவரிடம் காட்டிப் பிடுங்கிவிட வேண்டும். பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதி நாய்களுக்கு அது அடிக்கடி நடக்கும்.