‘மலபார்’ என்று எழுதப்பட்டிருந்த எங்கள் ஆள்: ஏழு வருடப் பதிவேட்டுத் தேடல்

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார், திரும்பி வரவில்லை. கதை அவ்வளவுதான். சரியாக எந்த வருஷம், யாரோடு, எந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்டு போனார், ஒன்றும் தெரியாது. 2018இல் ஒரு மழைநாளில் பொழுது போகாமல் தேட உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் காசைத் தின்றதைச் சொல்லிவிடுகிறேன். எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் டிஎன்ஏ பரிசோதனை. ஒன்றரை மாதம் கழித்து வந்த பதில்: நான் பெரும்பாலும் தென்னிந்தியன். கண்ணாடியைப் பார்த்து நானே சொல்லியிருப்பேன். இரண்டு வருஷம் கழித்து அதே நிறுவனம் கணக்கைப் புதுப்பித்தபோது சதவீதங்கள் மாறிவிட்டன. என் எச்சில் மாறவில்லை, அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆட்களின் தொகுப்புதான் மாறியது. உறவினர் பொருத்தப் பட்டியல் மட்டும் கொஞ்சம் உபயோகம், அதுவும் எதிர்ப்பக்கத்து உறவு அதே கம்பெனியில் சோதித்திருந்தால்தான். இந்தப் பரிசோதனை செய்யும் ட்வென்ட்டித்ரீ அண்ட் மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின, 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் கொடுத்தது. இதையெல்லாம் யோசித்துவிட்டுக் குப்பியைத் தொடுங்கள்.

உண்மையான தேடல் கப்பல் பட்டியல்களில்தான் தொடங்கியது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் போய் நின்றது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,000க்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். இந்தப் பட்டியல்கள் பெயர்த்தெழுதப்பட்டுக் கணினியில் தேடும்படி கிடைக்கின்றன.

வீட்டில் சொன்ன கணக்கு, “தாது வருஷப் பஞ்சத்துக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடி.” அந்தப் பஞ்சம் 1876–78. அப்படியென்றால் 1871, 72. அந்த வருஷங்களைச் சலித்துச் சலித்து எட்டு மாதம் போனது. பிறகுதான் தெரிந்தது, 1866இல் நின்றுபோன நேட்டால் ஆள் ஏற்றுமதி 1874இல்தான் திரும்பத் தொடங்கியிருக்கிறது. நான் தேடிய வருஷங்களில் கப்பலே இல்லை! பெரியவர்கள் சொல்லும் வருஷத்தைத் தள்ளிவிட வேண்டாம், ஆனால் அந்த வருஷத்தில் கப்பல் ஓடியதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. தேடும்போது சாதிக் கட்டத்தில் எங்கள் சாதியைப் போட்டு வடிகட்டினேன். எழுத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்றும் வரவில்லை. அலுத்துப்போய் அந்த வடிகட்டியை எடுத்துவிட்டு, தாலுகாவில் ‘போளூர்’ மட்டும் வைத்து வரி வரியாகப் படித்தேன். மூன்றாவது இரவு ஒரு வரியில் தகப்பன் பெயர் பொருந்தியது. கிராமத்தின் பெயரை எழுத்தர் கொத்திக் குதறியிருந்தார், கடைசியில் ‘பாக்கம்’ மட்டும் உருப்படியாக இருந்தது. சாதி என்ற இடத்தில் ‘மலபார்’.

பெரியப்பாவிடம் காட்டினேன். “மலையாளத்தானை எதுக்குடா என்கிட்ட கொண்டாந்து காட்டுற?” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அவருக்கு விளக்கவே ஒரு மதியம் ஆனது. ஐரோப்பியர்கள் வெகுகாலம் தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜென்டு என்றும்தான் சொல்லிவந்தார்கள். 1716இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ் இலக்கணத்தின் லத்தீன் தலைப்பிலேயே, ‘தமிழ் அல்லது மலபார் மொழி’ என்றுதான் இருக்கிறது. அதே கட்டத்தில் சிலருக்குச் சாதி, சிலருக்கு ‘கிறிஸ்தவர்’, சிலருக்கு மொழி. கேட்டவன் என்ன கேட்டான், சொன்னவன் என்ன சொன்னான், எழுதினவன் காதில் என்ன விழுந்தது? அந்தக் கட்டத்தில் இருப்பது இந்த மூன்றின் கலவை. அதை வைத்து ஒருவரை உறுதி செய்யவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

பெயரும் அப்படித்தான். எங்கள் ஆளின் பெயர் ‘சாமி’யில் முடியும், வட ஆர்க்காட்டில் அப்போது பாதி ஆம்பளைகளுக்கு அப்படித்தான் முடிந்தது. முனுசாமி என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் மூன்சாமி, மூனசாமி, முன்னுசாமி என்று பல வேஷம் போடும். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆகி, முதலியார் மூட்லி ஆகி, குடும்பப் பெயராகவே நின்றுவிட்டார்கள். ஜில்லாவிலும் கவனம் வேண்டும்: சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது, போளூர் இன்று திருவண்ணாமலை மாவட்டம். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஆள் அகப்பட மாட்டார்.

கடைசியில் பெரியப்பாவை மடக்கியது உடல் அடையாளம். ‘இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு.’ வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏர்க்கொழு பட்டிருக்கும்” என்றார். அதற்குப் பிறகு மலபார் பேச்சே வரவில்லை. தழும்பு எதையும் நிரூபிக்காது என்று எனக்கும் தெரியும். தகப்பன் பெயர், தாலுகா, ஊரின் வால், வயது நான்கும் சேர்ந்ததால்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

காலனி எண் கிடைத்த பிறகு வேலை சுலபம். நேட்டாலில் அவருடைய காகிதம் எதிலும் அந்த எண்தான் அடையாளம். பெயரை மறந்துவிட்டு எண்ணைத் தேடுங்கள். திருமணக் காகிதம் மட்டும் எளிதில் அகப்படாது. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த கல்யாணங்கள் செல்லாது என்று ஆக்கிவிட்டது. இந்து, முஸ்லிம் மனைவிமார் ஒரே நாளில் சட்டப்படி மனைவி இல்லாமல் போனார்கள். 1914 இந்தியர் நிவாரணச் சட்டம்தான் அதைச் சரிசெய்தது. ஆகவே பழைய தாளில் ‘மணமாகாதவர்’ என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். எங்களவருக்கு நாலு பிள்ளைகள். அவர் இறந்தபோது எழுதின மரண அறிவிப்புப் படிவத்தில் பெயர் பெயராக இருக்கிறார்கள்.

அம்மா வழி கத்தோலிக்கம், அங்கே வேறு உலகம். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரென்ட் சங்கம் 1563இல் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோயிலின் எல்லைக்குள்ளும், திருமணப் பதிவேடு வைக்கச் சொன்னதிலிருந்து தேவாலயங்களுக்கு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. நான் பார்த்த ஞானஸ்நானப் பதிவேடு லத்தீனில் இருந்தது. பயப்பட வேண்டாம், இருபது சொல் தெரிந்தால் போதும். சிக்கல் பெயர்களில். வீட்டில் ராயப்பன், ஏட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், சூசை யோசேப்புஸ், தேவசகாயம் லாசருஸ். பெத்ருஸும் ராயப்பனும் அண்ணன் தம்பி என்று நினைத்து ஒரு வருஷம் இரண்டு கிளை வரைந்து வைத்திருந்தேன். அம்மாச்சி பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு!

அந்த ஏட்டில் பெற்றோர் பெயருக்குச் சமமாக ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாமனோ சித்தியோ சொந்தத்தில் ஒருவர்தான் நின்றிருப்பார். ஓரக்குறிப்பையும் விடாதீர்கள். 1908இலிருந்து, ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அதை ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த ஓரக்குறிப்பு ஒன்றுதான் எங்களை அடுத்த பங்குக்குக் கூட்டிக்கொண்டு போனது. பங்குச் சாமியாரை ஞாயிற்றுக்கிழமை போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். புதன், வியாழன் காலை, கையில் ஒரு கடிதம், எதிர்பார்க்கும் வருஷம். “எல்லா ஏட்டையும் பார்க்கணும்” என்று கேட்ட முதல் இடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், நியாயம்தான்.

இணையத்தில் நான் அதிகம் புழங்குவது ஃபேமிலிசெர்ச் என்ற முன்னோர் தேடல் தளம். இலவசம். மார்மன்கள் என்று அறியப்படும் பிற்காலப் புனிதர்கள் சபை நடத்துகிறது. 1938இலிருந்து உலகமெங்கும் எடுத்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021இல் கணினிக்கு ஏற்றி முடித்தார்கள். இறந்த முன்னோருக்காக ஞானஸ்நானம் பெறும் சடங்கு அவர்களுக்கு உண்டு, சேகரிப்பின் வேர் அதில் இருக்கிறது. உறுத்தினால் உங்கள் வம்ச மரத்தை வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான். பெயர்த் தேடலோடு நிற்காதீர்கள். அட்டவணைப்படுத்தாத படங்கள் ஏராளம், ஊர் வழியாகப் போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். எவரும் திருத்தக்கூடிய பொது மரங்களை மட்டும் நான் தொடுவதில்லை. வேறொரு தளத்தில் யாரோ எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அவர் பிறப்பதற்கு முன்பே ஒரு மகனைச் சேர்த்து வைத்திருந்தார்.

கணினியில் வராத பதிவுகளும் உண்டு. ஜமாத்தின் நிக்காஹ் புத்தகம், குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, வரி கொடுத்தால் பெயர் ஏறும், ஊரைவிட்டுப் போனால் பெயர் நிற்கும். எங்கள் பங்காளிகளின் நோட்டு 1950களுக்கு முன்னால் இல்லை. பழசு கரையானுக்குப் போயிற்று.

அம்மா வழியில் 1878இல் முட்டி நிற்கிறேன். பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது, பதிவேட்டின் அந்தப் பக்கங்களில் வயதுவந்தவர்களின் ஞானஸ்நானம் வரிசையாக இருக்கிறது. எங்கள் ஆளுக்குப் பெற்றோர் பெயர் இல்லை, கிறிஸ்தவர் அல்லாதார் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல் மட்டும். ஞானத்தகப்பனைப் பார்க்கலாம் என்றால் அந்தப் பக்கத்தில் இருக்கும் பதினேழு பேருக்கும் ஒரே ஆள், உபதேசியார். ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆடி மாதத்தில் அங்கே ஒரு கோயில் திருவிழா நடக்கும், வரி நோட்டு வைத்திருப்பவர் அப்போதுதான் ஊரில் இருப்பாராம். பெரியப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார், அது அவர் வழியே இல்லை என்றாலும்.