கீமோ நேரத்தில் நகத்துக்கு மருதாணியா, பாலிஷா, ஜெல்லா?

டோசிடாக்செல், பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துகளை ஏற்றிக்கொள்பவர்களுக்கு நகம் பழுப்பேறலாம், குறுக்கே வரி விழலாம், நுனியிலிருந்து சதையை விட்டுக் கிளம்பவும் செய்யலாம். அதை மறைக்க எதைப் பூசினாலும், வேண்டும்போது சட்டென்று எடுக்க முடிய வேண்டும்.

மருதாணி இதில்தான் தோற்கிறது. இலையை மட்டும் அரைத்தாலும் அதன் சாயம் நகத்தோடு ஒட்டிவிடும், எந்த ரிமூவருக்கும் மசியாது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது, சிவப்பு முழுக்கப் போக ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை அடியில் ரத்தம் கட்டினாலும் சீழ் கோத்தாலும் சரியாகத் தெரியாது. கிளம்பிய நகமென்றால் விழுது இடுக்கில் புகுந்து இரவெல்லாம் ஈரம் காக்கும், கிருமிக்கு அது போதும். கறுப்பு மருதாணிக் கோனைத் தொடவே வேண்டாம்: அதில் கலக்கும் பிபிடி என்ற ரசாயனச் சாயம் தோலைக் கொப்புளிக்க வைக்கலாம்.

ஜெல், அக்ரிலிக் இன்னும் மோசம். பூசுமுன் நகத்தைச் சுரண்டுவார்கள், எடுக்க அசிட்டோனில் ஊறவைப்பார்கள். ஏற்கெனவே மெலிந்த நகம் இதைத் தாங்காது.

மிஞ்சுவது சாதாரண நெயில் பாலிஷ். வாரம் ஒருமுறை அசிட்டோன் இல்லாத ரிமூவரால் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பத்து விரலையும் பாருங்கள். பஞ்சைச் சில நொடி நகத்தின் மேல் அழுத்தி வைத்தால் தேய்க்காமலே வந்துவிடும். ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்புக்கு ஒரு விரலை வெறுமனே விடுங்கள். கிளம்பிய நகத்தில் இதையும் பூச வேண்டாம்.

வெட்டுவதா, ஃபைல் போடுவதா என்றால் ஃபைல்தான். நகவெட்டி கவ்வும்போது நகத்தை மேலே நெம்பும். தளர்ந்த நகம் இன்னும் கொஞ்சம் பிரியும். அட்டை ஃபைலை ஒரே திசையில் இழுங்கள். அடியில் ஊசி விட்டு அழுக்கெடுக்கக் கூடாது, ஓரத்தோலையும் வெட்டக் கூடாது.

ஆனால் இந்தப் பூச்சுகள் எதுவும் நகத்தைக் காப்பதில்லை. டோசிடாக்செல் ஏறும்போது போடும் குளிர் கையுறைதான் காக்கிறது. 2005இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 45 பேருக்கு வலக்கையில் மட்டும் 90 நிமிடம் அதைப் போட்டார்கள். நகப் பாதிப்பு வெறும் கையில் 51 சதவீதம், கையுறைக் கையில் 11. உங்கள் சிகிச்சை மையத்தில் இருக்கிறதா என்று முதல் சுற்றுக்கு முன்பே கேளுங்கள்.

தளர்ந்த நகத்தைப் பிய்க்காமல் பிளாஸ்டர் சுற்றி வையுங்கள். சீழோ நாற்றமோ வந்தால், அல்லது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மறுநாளுக்குத் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.