திருகோணமலையில் ரை புல் விதை வாங்குவோர் கவனத்திற்கு

பச்சைப் புல்வெளிப் படம் ஒன்றைக் காட்டி, ரை புல் என்ற குளிர்நாட்டுப் புல்லின் விதையை என்னிடம் விற்றார்கள். நிலாவெளிப் பக்கத்திலும் அதே படத்தைக் காட்டி விலை பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

உப்புவெளியில் நாங்கள் நடத்தும் சிறிய தங்குவிடுதியின் முற்றத்தில் அறுகம்புல் வளர்த்திருக்கிறோம். ஆடி மாதக் கச்சான் காற்றில் அது வைக்கோல் நிறமாகியிருந்த நேரம் பார்த்து வந்த ஒருவர், அறுகின் மேல் ரை புல் விதையைத் தூவினால் பத்தே நாளில் முற்றம் பச்சையாகும் என்று சொல்லி, அப்படிப் பசுமையேறிய ஒரு புல்வெளியின் படத்தையும் கைபேசியில் காட்டினார். அது நுவரெலியாவில் எடுத்த படம் என்பது பிறகுதான் தெரிந்தது. மூலையில் நின்ற சைப்பிரஸ் மரங்களை நான் கவனித்திருக்க வேண்டும்.

விதைக்கும் கூலிக்குமாக 48,000 ரூபாய் பேசி, பாதியை முற்பணமாகக் கொடுத்தேன். அவருடைய ஆட்கள் அறுகை மண் தெரியுமளவுக்கு மழித்து, விதையைத் தூவி, நாளுக்கு நான்கு முறை தண்ணீர் விடச் சொன்னார்கள். ஏழாம் நாள் முற்றமெங்கும் மெல்லிய பச்சை முளை கண்டது. அந்த மகிழ்ச்சியில் மீதியையும் கொடுத்துவிட்டேன், பற்றுச்சீட்டுக் கூடக் கேட்கவில்லை. அடுத்த வாரம் விடியற்காலையில் பார்த்தால், உள்ளங்கை அகலத் திட்டுகளில் முளைகள் எண்ணெய் பட்டதுபோல் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன; மேலே சிலந்தி நூல் போன்ற வெண்பூசணம் படர்ந்திருந்தது, வெயில் ஏறியதும் அது மறைந்தது. தொலைபேசியில் அழைத்தபோது முதலில் தண்ணீர் போதாது என்றார். மறுமுறை தண்ணீர் கூடிவிட்டது என்றார். மூன்றாம் முறை எடுக்கவேயில்லை.

விவசாயப் போதனாசிரியர் ஒருவர்தான் விளக்கினார். குளிர்காலத்தில் மண் ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரும் நாடுகளில் அறுகு உறங்கிப் பழுப்பாகிவிடும். அந்தச் சில மாதங்களுக்காகவே அங்கே ரை புல்லை மேலே விதைக்கிறார்கள். திருகோணமலையில் தை மாத இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நம் அறுகைப் பழுப்பாக்குவது குளிரன்று, வறட்சி. அதற்கு மருந்தென்று, அறுகைவிட அதிகம் தண்ணீர் கேட்கும் புல்லை, ஈரமும் வெக்கையான இரவும் சேர்ந்தால் பிதியம் என்னும் பூசணம் போன்ற கிருமியால் அழுகல் பிடிக்கும் புல்லை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். வெறும் பையில் விலைத்துண்டு ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். விதைப்பதற்கேற்ற மண் வெப்பநிலை 10 முதல் 18 பாகை என்று அதன் அடியிலேயே அச்சிட்டிருந்தது. வாங்குவதாக இருந்தால் அந்தத் துண்டை முதலில் உரியுங்கள். முளையைக் கண்டு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நாளுக்கு நான்கு முறை இறைத்ததில் கிணற்று நீரும் உவர்த்துப்போனது. ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் அறுகு ஓரங்களிலிருந்து தானாகவே ஓடிவந்து மூடத் தொடங்கியது. மழித்த இடத்தில் ஏறிய கோரையைத்தான் இன்னமும் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.