பேடண்ட் எடுத்துத் தருவதாகச் சொல்லி 2,85,000 ரூபாய்: பட்டறைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முருங்கைக்கீரை உருவும் ஒரு சின்ன மெஷினுக்குப் பேடண்ட் (காப்புரிமை) எடுத்து, அதைச் சந்தையிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனம் என்னிடம் 2,85,000 ரூபாய் வாங்கியது. பேடண்ட் வரவில்லை. அந்த வடிவத்துக்கு இனி வரவும் வழியில்லை. வழக்கு நடப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் கிடையாது. இதே வேலையை, இதே வரிசையில் செய்கிறவர்கள் பல ஊரில் இருக்கிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அரவக்குறிச்சிப் பக்கம் வெல்டிங், லேத் பட்டறை. எங்கள் பக்கத்தில் முருங்கை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. காய் விலை விழுந்தால் பலர் இலைக்கு மாறிவிடுவார்கள். இலையைக் காயவைத்துப் பொடியாக்கும் யூனிட்காரர்களுக்குப் பெரிய தலைவலி உருவுகிற வேலைதான். ஈர்க்கு கலந்தால் பொடியின் நிறமும் நைஸும் கெடும், கையால் உருவ ஆளும் கிடைக்காது. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரப்பர் உருளை, முன்னால் காம்பு மட்டும் நுழையும்படி பல் வெட்டிய எஸ்எஸ் தகடு, கால் ஹெச்பி மோட்டார். இதுதான் நான் செய்தது. உள்ளூர் யூனிட்காரர் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதை வேற யாராச்சும் பாக்கறதுக்குள்ள எழுதி வாங்கிக்குங்க" என்றார். அன்றிலிருந்துதான் பேடண்ட் பற்றித் தேட ஆரம்பித்தேன். தேடிய சூட்டிலேயே போனில் விளம்பரம் வரத் தொடங்கிவிட்டது. ஐடியா மட்டும் கொடுங்கள், மீதி எங்கள் பொறுப்பு என்று.

முதலில் வந்தது ரகசியக் காப்பு ஒப்பந்தம். நான் எதையும் சொல்வதற்கு முன்பே அவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். நம்பிக்கை வரவைக்க இதைவிட மலிவான காகிதம் கிடையாது. அடுத்து 18,000 ரூபாய்க்கு ஓர் ஆய்வறிக்கை. ஸ்பைரல் போட்ட தடிப் புத்தகம். "இதுபோல் உலகில் வேறு எதுவும் இல்லை" என்று முடிந்திருந்தது. பின்னால் அதைப் பார்த்த பதிவுபெற்ற பேடண்ட் ஏஜென்ட் ஒருவர் சிரித்துவிட்டார். முருங்கை என்ற சொல்லைப் போட்டு மட்டும் தேடியிருக்கிறார்கள். தேட வேண்டியது செடியின் பெயரை அல்ல, மெஷின் செய்கிற வேலையை: காம்பிலிருந்து இலையைப் பிரிப்பது. அப்படித் தேடினால், பீருக்குப் போடும் ஹாப்ஸைக் கொடியிலிருந்து பிரிக்கும் மெஷினிலிருந்து, புதினா உருவும் துளைத் தகடு வரைக்கும் வரிசையாக வருகின்றன. அதற்காக என் மெஷினில் புதுமையே இல்லை என்று அர்த்தமில்லை. எந்தப் பகுதி புதிது என்று பிரித்து எழுதினால்தான் நிற்கும் என்று அர்த்தம். அந்த வேலையை யாருமே செய்யவில்லை.

பிறகு "இந்திய பேடண்ட்" என்று 75,000. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. என் மனைவி பள்ளியில் வேலை பார்க்கிறவள், வரிவரியாகப் படிப்பாள். "ஏனுங்க, விண்ணப்பதாரர் இடத்துல உங்களோட இன்னொரு பேரு இருக்குதே, அது யாரு?" என்றாள். அவர்களுடைய இயக்குநர் பெயர். கேட்டதும், "டைப்பிங் மிஸ்டேக் மேடம்" என்று எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் போயிருந்தால், அந்த ஆளுடைய சம்மதம் இல்லாமல் நான் யாருக்கும் லைசென்ஸ் கொடுக்க முடியாது. கூட்டு உரிமைக்குச் சட்டம் அப்படி. உங்கள் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில நாளில் ஒரு சான்றிதழ் வந்தது. தங்க நிற முத்திரை, நடுவில் என் பெயர், கீழே பன்னிரண்டு இலக்க எண். பட்டறையில் மாட்டினோம், சங்கக் கூட்டத்தில் சால்வை போட்டார்கள். அது அவர்கள் கம்ப்யூட்டரில் அடித்த தாள். எண் மட்டும் உண்மை, ஆனால் அது விண்ணப்ப எண். அதைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். முதல் நான்கு இலக்கம் ஆண்டு, அடுத்தது அலுவலகம்: சென்னைக்கு 4, டெல்லிக்கு 1, மும்பைக்கு 2, கொல்கத்தாவுக்கு 3. விண்ணப்பம் உள்ளே போய்விட்டது என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்லாது. பேடண்ட் கிடைத்தால் அதற்கு வேறு எண் வரும், அரசின் சான்றிதழும் வரும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை யாராவது காப்பியடித்தால்கூட வழக்குப் போட முடியாது. கிராண்ட் ஆன பிறகுதான், அதாவது பேடண்ட் வழங்கப்பட்ட பிறகுதான் முடியும்.

அவர்கள் போட்டது ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம். வாட்ஸப்பில் நான் பேசி அனுப்பியதை இரண்டு பக்கமாக அடித்து, மூன்று போட்டோ ஒட்டியிருந்தார்கள். ப்ரொவிஷனலில் தவறு ஒன்றும் இல்லை, தேதி பிடித்து வைக்க நல்ல வழிதான். ஆனால் அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணையை, அதாவது மெஷின் எப்படி வேலை செய்கிறது, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று முழுதாக எழுதிய ஆவணத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பேடண்ட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். என் பெயரில் டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, என் பெயரில் ஒரு மெயில் ஐடி திறந்து, விண்ணப்பத்தை நானே போட்ட மாதிரி போட்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து இருக்கும் டோக்கனும் அவர்களிடம், பாஸ்வேர்டும் அவர்களிடம். வேறொருவருக்காக இந்த வேலையைத் தொழிலாகச் செய்ய, தேர்வு எழுதிப் பதிவு செய்த பேடண்ட் ஏஜென்டுக்குத்தான் சட்டப்படி அனுமதி. அவர்களிடம் அப்படி ஒருவர்கூட இல்லை. பதிவுபெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் பேடண்ட் ஆபீஸ் இணையதளத்திலேயே இருக்கிறது. எண்ணைக் கேளுங்கள், பெயரோடு ஒத்துப் பாருங்கள்.

இதற்கு நடுவே "ப்ரோட்டோடைப்" என்று 62,000. என்னிடமே ஓடுகிற மெஷின் இருக்கும்போது எதற்கு என்றேன். முதலீட்டாளர் பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம். 3டி பிரிண்ட்டில் பச்சை நிறத்தில் ஒன்று வந்தது. பிஎல்ஏ பிளாஸ்டிக். அறுபது டிகிரி சூட்டில் இளகிவிடும் சரக்கு அது. சித்திரை வெயிலில் கதவு சாத்திய வேனுக்குள் மத்தியானம் வரை இருந்ததில் வளைந்துவிட்டது. ஈர இலை போட்டால் பல் ஒடியும். யூனிட்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. மணிக்கு எத்தனை கிலோ, இலை கசங்கிக் கறுக்குமா, ரப்பர் ஃபுட் கிரேடா, கழுவ எத்தனை போல்ட் கழற்ற வேண்டும். பொருள் விற்கிற இடம் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அவர்கள் கொடுத்த "சந்தை ஆய்வில்" உலக முருங்கை வியாபாரம் இத்தனை பில்லியன் டாலர் என்று வட்டப்படம் இருந்தது. திண்டுக்கல்லில் எத்தனை யூனிட் இருக்கிறது, அவர்கள் ஒரு மெஷினுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஒரு வரி கிடையாது.

கடைசியாக 1,30,000: மார்க்கெட்டிங்கும் "சர்வதேச பேடண்ட்டும்" சேர்த்து. சர்வதேச பேடண்ட் என்று ஒன்று உலகத்தில் இல்லை. பிசிடி என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடலாம். அது எந்தெந்த நாடு என்று முடிவு செய்ய 30, 31 மாதம் வரை அவகாசம் தரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகக் கட்டணம் கட்டி, தனித்தனியாக வாங்க வேண்டும். என் விஷயத்தில் அந்த ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை.

மார்க்கெட்டிங் மட்டும் செய்தார்கள். அதுதான் கொடுமை. கேமராக்காரரோடு பட்டறைக்கு வந்து, மூடியைக் கழற்றச் சொல்லி, உருளை இடைவெளி, தகட்டின் பல் எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுத்து யூடியூபில் ஏற்றினார்கள். ப்ரொவிஷனல் உயிரோடு இருந்து, சொன்ன நேரத்தில் முழு விவரணையும் போயிருந்தால் அந்த வீடியோவால் பெரிய பாதகம் வந்திருக்காது. அது காலாவதியானதும், மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றால், ஏற்கெனவே ஊருக்குக் காட்டிய பொருள் புதிது ஆகாது. அமெரிக்காவில் தானே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை உண்டு. இங்கே அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில விலக்குகளைத் தவிர அப்படி இல்லை. காசு கொடுத்து நான் எடுக்க வைத்த வீடியோவே என் விண்ணப்பத்துக்கு எதிரான முதல் ஆவணம்.

இதெல்லாம் தெரிய வந்தது, பக்கத்து மாவட்டப் பட்டறை ஒன்று அதே மெஷினைச் செய்து விற்க ஆரம்பித்தபோது. நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "பேடண்ட் நம்பர் இருக்கே சார், நோட்டீஸ் விட்ரலாம், அதுக்குத் தனியா 40,000 ஆகும்" என்றார்கள். அப்போதுதான் வெளியே ஒரு ஏஜென்டைப் பார்த்தேன். அவர் எண்ணைப் பார்த்து, தேதியைப் பார்த்து, கொஞ்ச நேரம் பேசவில்லை.

கேட்டு நெருக்கியதும் நிஜமான அரசுச் சான்றிதழ் ஒன்றை அனுப்பினார்கள். "இதோ சார், கிராண்ட் ஆயிருச்சு." அது டிசைன் பதிவு. 2000-ம் ஆண்டு டிசைன் சட்டத்தின் கீழ் வெளித்தோற்றத்துக்கு மட்டும் கிடைப்பது. முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதை அது காக்காது. பெட்டியின் வளைவை மாற்றிவிட்டு எவரும் உள்ளே இருப்பதை அப்படியே செய்யலாம். அதுவும் வீடியோ வந்த பிறகு போட்ட டிசைன். யாராவது எதிர்த்தால் ரத்தாகிவிடும்.

கட்டணம் எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். தனிநபருக்கு ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க 4,000, அதை 31 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். விண்ணப்பத்தைச் சீக்கிரம் வெளியிடச் சொன்னால் 2,500. பேடண்ட் கிடைக்கும்வரை அரசுக்குப் போவது பெரும்பாலும் இவ்வளவுதான். நல்ல ஏஜென்ட் எழுதுகிற கூலி தனி. க்ளெய்ம், அதாவது எந்தப் பகுதிக்கு உரிமை கேட்கிறோம் என்ற வாசகம் எழுதுவது சாதாரண வேலை அல்ல, அந்தக் கூலி நியாயம். ஆனால் அரசுக் கட்டணத்தையும் தன் கூலியையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்காதவரிடம் பேச்சே வேண்டாம்.

இந்தத் தொழில் அமெரிக்காவில் ரொம்பப் பழசு. அங்கே 1999-ல் சட்டம் போட்டு, ஐடியாவை விற்றுத் தருகிறோம் என்கிறவர்கள் இதுவரை எத்தனை பேருக்கு வேலை செய்தார்கள், அதில் எத்தனை பேர் கட்டியதைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் வேர்ல்டு பேடண்ட் மார்க்கெட்டிங் என்ற மயாமி நிறுவனம் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2017-ல் வழக்குப் போட வேண்டி வந்தது. அந்தக் கேள்வியை நாமும் கேட்கலாம், காசா பணமா? எழுத்தில் பதில் கேட்டபோது நான் பணம் கட்டிய நிறுவனத்து ஆள், "அது கம்பெனி சீக்ரெட் சார்" என்றார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நான் தொழில் நோக்கத்தில் சேவை வாங்கியவன், அதனால் நுகர்வோரே அல்ல என்று அவர்கள் வக்கீல் வாதாடுகிறார். வாதம் நடந்துகொண்டிருக்கிறது. வாட்ஸப் குரல் பதிவுகளும் ஜிபே ரசீதுகளும்தான் இப்போது கைகொடுக்கின்றன. எதையும் அழிக்காதீர்கள்.

பொருளாக்கப் பணம் இல்லை என்பதால்தான் பலர் இந்த மாதிரி ஆட்களிடம் போகிறார்கள். சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இன்னொவேஷன் வவுச்சர் என்ற திட்டத்தில் 2 லட்சம், 5 லட்சம் என இரண்டு வகையாக உதவி தருகிறது. மத்திய அரசின் நிதி ப்ரயாஸ் திட்டத்தில் ப்ரோட்டோடைப்புக்கு 10 லட்சம் வரை. சாதாரண ஜனங்களின் கண்டுபிடிப்புக்கென்றே குஜராத்தில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை இருக்கிறது, விண்ணப்பம் போடவும் உதவுவார்கள். எல்லாருக்கும் கிடைத்துவிடாது, தாமதமும் ஆகும். ஆனால் ஆரம்பத்திலேயே லட்சம் கேட்க மாட்டார்கள்.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது பணம் கட்டியவர்கள் விண்ணப்பத் தேதியை இன்றைக்கே பாருங்கள். 12 மாதம் முடியவில்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது. முழு விவரணைக்கு 30 பக்கம், 10 க்ளெய்ம் வரை அரசு தனிக் கட்டணம் கேட்பதில்லை. பதிவுபெற்ற ஏஜென்ட் ஒருவருக்கு படிவம் 26-ல் அதிகாரம் கொடுத்து, முகவரியையும் மெயிலையும் படிவம் 13-ல் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய ஆளின் அனுமதி எதற்கும் தேவையில்லை. 12 மாதம் தாண்டிப் போயிருந்தாலும், பொருளை இதுவரை விற்காமல், வெளியே காட்டாமல் இருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம், பழைய தேதி மட்டும் போய்விடும். வீடியோ ஏதாவது ஏறியிருந்தால் அதன் லிங்க்கையும் ஏறிய தேதியையும் எடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.