எதிர்மலையையும் எண்ணும் ஷாட் டைமர்: மூன்று ஆண்டு அனுபவம்

கோத்தகிரியிலிருந்து நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, தங்கள் ரைஃபிள் கிளப்பின் பயிற்சிக்கும் போட்டி நடத்துவதற்கும் ஒரே ஷாட் டைமர் (தொடக்க பீப் கொடுத்து, ஒவ்வொரு வெடியோசையையும் மைக்கில் கேட்டு நேரம் குறிக்கும் கையடக்கக் கருவி) போதுமா என்று கேட்டார். அந்த நேரத்தில் என்னுடைய டைமர் குன்னூர் மார்க்கெட்டில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரின் மேசையில் திறந்து கிடந்தது. 9 வோல்ட் பேட்டரியை மாட்டும் கிளிப்பில் பச்சை பூத்து, ஒயர் ஒன்று இற்றுப்போயிருந்தது. "ஆடி மாச ஈரத்துல பேட்டரிய உள்ளேயே விட்டு வெக்கலாமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே ஈயம் வைத்துக் கொடுத்தார். தவறு என்னுடையதுதான். கருவி மறுபடியும் ஒழுங்காக வேலை செய்கிறது.

முதலில் அது எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். நான் சுடுவது 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்ற கைத்துப்பாக்கிப் போட்டி. அதன் கடைசிக் கட்டத்தில் 10 விநாடிக்குள் .22 தோட்டாக்கள் ஐந்தைச் சுட வேண்டும். கடைசி இரண்டு தோட்டாக்களில்தான் அவசரப்படுகிறேன் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். டைமரில் ஒவ்வொரு தோட்டாவின் நேரத்தையும் பார்த்தபோது, முதல் தோட்டாவுக்கே 3.9 விநாடி போயிருந்தது. 45 டிகிரியில் தாழ்த்தி வைத்த கை மேலேறுவதில்தான் தாமதம் இருந்தது. பின்னால் வந்த அவசரமெல்லாம் அதற்குக் கொடுத்த விலை. பயிற்சியாளர் இதையே பலமுறை சொல்லியும் ஏற்காத நான், அந்த எண்ணைப் பார்த்ததும் ஏற்றுக்கொண்டேன். வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியுடன், பார் டைமில், அதாவது நாம் குறித்த நேரம் முடிந்ததும் ஒலிக்கும்படி, பீப் வைத்து, நான்கு மாதம் கையை உயர்த்திப் பழகி, அதை 2.6 விநாடிக்குக் கொண்டுவந்தேன். இதற்காக மட்டுமே அந்தக் கருவிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் எங்கள் சுடுதளத்தில் அது எண்ணக் கூடாததையும் எண்ணுகிறது. ஐந்து முறை சுட்டால் திரையில் ஏழு அல்லது எட்டு என்று காட்டுகிறது. மைக் பழுதென்று நினைத்திருந்தேன். ஒருநாள் பதிவுகளை வரிசையாகக் குறித்துப் பார்த்தபோது, உபரியாக வந்த ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய வெடிக்குப் பின் 0.35 அல்லது 0.36 விநாடியிலேயே விழுந்திருந்தது. சுடும் இடத்திலிருந்து எதிரே, சாலைக்காக வெட்டப்பட்ட மண்சரிவு வரை டேப் பிடித்தேன்: 60 மீட்டர். இந்தக் குளிரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 337 மீட்டர் செல்லும்; போய்த் திரும்பும் 120 மீட்டருக்குக் கணக்கு அச்சாகப் பொருந்தியது. டைமர் எண்ணியது மலையின் எதிரொலியை.

சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் எதிரொலி மறைகிறது, ஆனால் .22 இன் மெல்லிய ஓசையும், டைமர் பிடித்தவர் அரை அடி பின்தள்ளி நின்றால், சேர்ந்தே மறைகிறது. ஒரு வெடிக்குப் பின் குறிப்பிட்ட நேரத்துக்கு மைக்கைச் செவிடாக்கும் எக்கோ அமைப்பு சில டைமர்களில் உண்டு, என்னுடையதில் இல்லை. ஸ்டாண்டர்ட் பிஸ்டலில் இரண்டு வெடிகளுக்கு நடுவே ஒரு விநாடிக்கு மேல் இருப்பதால், அந்த அமைப்பை 0.4 விநாடிக்கு வைத்தால் எங்களுக்கு ஒரு நட்டமும் வராது. வாங்கும்போது நான் அதைக் கேட்கத் தவறினேன்.

பயிற்சியில் இதைச் சகித்துக்கொள்ளலாம், போட்டியில் முடியாது. வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்து மதிப்பிடும் ஐ.பி.எஸ்.சி. போட்டி முறையில் ஒருவர் பின் ஒருவராகச் சுடும்போது, பெற்ற புள்ளிகளைக் கடைசி வெடியின் நேரத்தால் வகுப்பார்கள். அந்த முறையில் நாங்கள் நடத்திய ஒரு பயிற்சியில், ஓர் இளைஞனுக்கு நான் 8.50 என்று உரக்க அறிவித்துவிட்டேன். அவன் முகம் வாடியதைக் கண்டு பதிவைப் பின்னோக்கிப் பார்த்தபோது உண்மையான நேரம் 8.14 ஆக இருந்தது. திருத்தி அறிவித்தேன்; ஆனாலும் நான் கவனிக்காமல் விட்ட வேறு எத்தனை பேருக்கு மலையின் நேரத்தைச் சேர்த்து எழுதினேனோ என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

ஸ்டாண்டர்ட் பிஸ்டலை நடத்துவதிலும் இடையூறு உண்டு. அதில் 'அட்டென்ஷன்' என்ற கட்டளைக்குப் பின் 7 விநாடி கழித்தே தொடக்கம் வர வேண்டும். என் டைமரில் உடனடி, 3 விநாடி, இஷ்டத்துக்கு மாறும் இடைவெளி என்ற மூன்றுதான் உள்ளன. ஐ.பி.எஸ்.சி.யில் 'ஸ்டாண்ட் பை'க்குப் பின் 1 முதல் 4 விநாடிக்குள் பீப் வர வேண்டும் என்பதால் கருவியை அதற்காகவே அமைத்திருக்கிறார்கள். ஆகவே கைக்கடிகாரத்தில் 7 எண்ணிவிட்டு பட்டனை அழுத்துகிறேன். மேலும் மூவர் வரிசையாக நின்று சுடும்போது, முடிவு பீப்புக்குப் பின் வந்த வெடி யாருடையது என்று எந்த மைக்கும் சொல்லாது; அதற்கு வரிசையைக் கவனிக்கும் இன்னொருவர் வேண்டும்.

ஆகவே நண்பருக்கு இந்த மாடலை வாங்க வேண்டாம் என்றேன். எனக்கு அது செய்த நன்மையை அறிந்தே சொல்கிறேன். எக்கோ அமைப்பும், நாமே விநாடியைக் குறிக்கும் தொடக்க இடைவெளியும் உள்ளதைத் தேடுங்கள். அதற்கும் முன்னால், சுடும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டி, உங்கள் எதிர்மலை திருப்பித் தட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.